பேரிக்காய்க்குள் பயறு

“யோகி, உன் பழங்கள் வளருகின்றன.”

தொலைபேசியில் ஹிலரி இப்படிச் சொன்னபோது நான் பஸ்ஸின் மேல்தட்டில், முன்கண்ணாடிக்கு நேரே இருந்தேன். காலை ஷிப்ட் முடிந்து வந்த களை. மடியில் வெறும் சாப்பாட்டுப் பெட்டி. வெளியே ஒக்டோபர் மாதத் தூறல்.

என் பழங்கள் என்று அவர் சொன்னது நான் கையால் தைத்தவற்றை. ஃபெல்ட் என்கிற தடித்த கம்பளித் துணியில் தைத்த அப்பிள், பேரிக்காய், பிளம்ஸ். இலையுதிர் காலத்துக்கென்று ஹிலரியின் பூக்கடை ஜன்னலை நிறைத்துக்கொண்டிருப்பவை. துணி எங்காவது வளருமா?

“வளருகின்றன என்றால்?” என்று கேட்டேன்.

“வேர் விட்டிருக்கிறது. பச்சையாக ஏதோ தலை நீட்டுகிறது. நீ வந்து பார்த்தால் நல்லது.”

குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. இந்த நாட்டில் கோபம் வந்தவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். பஸ்ஸோ லண்டனின் தோர்ண்டன் ஹீத்தை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. இறங்கி ஓடினால் முந்திப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன்.

ஒரு பலகைக்கு வந்த ஆசை

ஏன் அவ்வளவு பதற்றம் என்று கேட்பீர்கள். எல்லாம் ஒரு பலகைக்காகத்தான்.

ஹிலரியின் கடை நான் பஸ் மாறும் தரிப்பிடத்துக்கு எதிரே இருக்கிறது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பருவத்துக்கும் அக்கம்பக்கத்தில் கைவேலை செய்கிற ஒருவரைப் பிடித்து ஜன்னலை அவரிடம் விட்டுவிடுவார். வசந்தத்துக்குக் கடதாசிப் பூச் செய்கிறவர் வந்தார். கோடைக்குக் கூடை முடைகிற ஒரு பெண். முதல் வாரம் ஜன்னல் நன்றாகப் போனால், அந்த ஆளின் பெயரை ஹிலரியே தன் கையால் ஒரு பலகையில் எழுதிக் கதவுக்கு மேலே தொங்கவிடுவார். பருவம் முடியும்வரை அது அங்கே காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.

பஸ்ஸுக்கு நிற்கிற நேரமெல்லாம் அந்தப் பலகையை வாசித்திருக்கிறேன். பெயர் மாறும்போதெல்லாம் எனக்குள் ஒரு பொறாமை எழும். இந்த ஊரில் என் பெயர் முழுதாக எங்கே இருந்திருக்கிறது? வேலையிடத்தில் நான் யோகி. காவி உடுக்காமல் சாண்ட்விச் பொதி செய்கிற யோகி. தமிழ்ச் சனத்துக்கு நேசன் அண்ணையின் மனுசி. சட்டை தைக்கத் தருகிறவர்களுக்கு ‘பிளவுஸ் அக்கா’. யோகேஸ்வரி என்று முழுதாகக் கூப்பிடுவது ஆஸ்பத்திரித் தாதி மட்டுந்தான். அவரும் நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கிக்கொள்வார்.

எனக்கு அந்தப் பலகை வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நகைக்குக்கூட நான் இப்படி ஆசைப்பட்டதில்லை.

வாய்ப்பு என் கைப்பையால் வந்தது. பையில் நான் தைத்த ஒரு ஃபெல்ட் அப்பிள் தொங்கும். ஒருநாள் பூ வாளிகளை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்த ஹிலரியின் கண்ணில் அது பட்டது. (அவருடைய ஆங்கிலத்தை இங்கே என் தமிழில் தருகிறேன்.)

“இது எங்கே வாங்கியது?”

“வாங்கவில்லை. நான் தைத்தது.”

அப்பிளைப் புரட்டிப் பார்த்தார். அடியில் நான் குத்தியிருந்த கராம்பை மோந்து பார்த்துச் சிரித்தார். “இலையுதிர் காலத்துக்கு ஒரு ஜன்னல் நிறைய இப்படித் தைத்துத் தருவாயா?”

“யெஸ்” என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் ஒரு ஜன்னல் நிறைய என்றால் எவ்வளவு என்ற யோசனை வந்தது. ஆழம் பார்க்காமல் காலை விடுவது என் பிறவிக் குணம்.

மனுசன் கடித்த பழம்

இந்தக் கைவேலை எனக்கு லண்டனில் வந்ததல்ல. லண்டனுக்கு முன் எங்களுக்கு ஜேர்மனி. ஜேர்மனிக் கதைகளைச் சொல்லி இந்தப் பத்தியில் உங்களை முன்பே சில வாரங்கள் அலுப்படித்திருக்கிறேன். இது ஒன்று மிச்சம் இருக்கிறது.

மகள் அங்கே பாலர் பள்ளிக்குப் போன காலம். இலை விழத் தொடங்கியதும் தாய்மாரை மாலையில் கூப்பிட்டு, பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில் இருத்தி, ஏதாவது செய்விப்பார்கள். எனக்கு அப்போது அந்தப் பாஷையில் வணக்கமும் நன்றியும்தான் தெரியும். பக்கத்தில் இருந்தவள் எப்படி வெட்டினாளோ அப்படியே நானும் வெட்டினேன். தையல் என்று வந்ததும் கதை மாறியது. துணியின் ஓரத்தைப் பிணைக்கிற கம்பளித் தையல் நான் பள்ளிக்கூடத்தில் மனையியல் ரீச்சரிடம் குட்டு வாங்கிப் படித்தது. ஓரம் முழுக்க ஒரே அளவில் விழும். ஆசிரியை என் பேரிக்காயைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். எனக்குக் காது சூடானது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு நடந்தேன்.

அந்தப் பேரிக்காயை மேசையில் வைத்திருந்தேன். என் மனுசன் நேசன், உணவகத்தில் பாத்திரம் கழுவிவிட்டுப் பசியோடு வந்தவர், எங்கள் சனத்தின் முறைப்படி முதலில் பெருவிரலால் அமத்திப் பார்த்தார்.

“நல்லாப் பழுத்திட்டுது. நாளைக்கு எண்டு வைச்சால் பழுதாப்போயிடும்,” என்று சொல்லிக் கடித்தார்.

மகள் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் கூட்டுகிற தும்புத்தடியால் கீழிருந்து எங்கள் நிலத்தைத் தட்டினார். மனுசன் வாயிலிருந்த இழையை எடுத்துப் பார்த்துவிட்டு, “ருசி காணாது. நார்ச்சத்து இருக்கு,” என்றார். மகள் இப்போது வேலையும் வீடுமாக வேறு ஊரில் இருக்கிறாள். நான் சமைத்தது நன்றாக இல்லாவிட்டால் இன்றும் அவள் சொல்வது அந்த வசனத்தைத்தான்.

உருண்டோடிய அப்பிள்கள்

ஃபெல்ட் பழம் தைப்பது பெரிய வித்தை இல்லை. துணியை இலை வடிவில் துண்டுகளாக வெட்டவேண்டும். அப்பிளுக்கு அகன்ற இலை, பேரிக்காய்க்கு மேலே ஒடுங்கிய இலை. ஓரங்களைச் சேர்த்துத் தைத்து, ஒரு சின்ன வாய் விட்டு, பஞ்சு அடைத்து மூடவேண்டும். பிறகு நீள ஊசியை உச்சியிலிருந்து அடிவரை செலுத்தி நூலை இறுக்கி இழுத்தால் அப்பிளுக்கு அந்தக் குழி விழும்.

அந்தக் குழி விழுகிற நேரத்துக்காகவே நான் தைக்கிறேன். அதுவரை கையில் இருப்பது ஒரு துணி மூட்டை. ஓர் இழுவையில் அது அப்பிள் ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் “இஞ்ச பாருங்கோ” என்று மனுசனைக் கூப்பிடுவேன். அவரும் பாவம், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் “ஓம், அப்பிள்தான்” என்பார்.

நிறம் தெரிவுசெய்வதுதான் எல்லாவற்றையும்விடச் சந்தோசம். கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கத்தரிக்காய் ஊதா. துணிக்கடையில் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. பிளவுஸ் தைக்கிறவளுக்கு நிறம் தெரிவுசெய்யும் உரிமை இல்லை. அதை மற்றவரின் சேலை தீர்மானிக்கும். இங்கே பச்சை நூலால் சிவப்பு அப்பிளைத் தைத்தாலும் கேட்க ஆளில்லை. தைத்தேன். காம்புக்குக் கறுவாப்பட்டை, அடிக்குக் கராம்பு. வீடு சரக்குக்கடை மாதிரி மணந்தது.

வந்த சிக்கல் ஒன்றே ஒன்று. பழங்கள் நிற்கவில்லை. பஞ்சின் பாரம் போதாமல் அப்பிள்கள் மேசையிலிருந்து உருண்டு கதிரைக்குக் கீழே போயின. பேரிக்காய்கள் குடித்தவர்கள் மாதிரிச் சரிந்தன.

“அடியில பாரம் போடப்பா,” என்றார் மனுசன்.

“என்னத்தைப் போடுறது? கல்லுப் போட்டால் துணியில முட்டும்.”

“பயறு போடு. டூட்டிங்கில தமிழ்க் கடையில வாங்கின மூட்டை சும்மா கிடக்கு. அரிசி எண்டால் வண்டு வரும். பயறு ஒண்டும் செய்யாது.”

மனுசன் சொன்ன யோசனைகளில் நான் உடனே கேட்டது இது ஒன்றுதான். ஒவ்வொரு பழத்தின் அடியிலும் கொஞ்சம் பயறு போட்டுத் தைத்தேன். பழங்கள் அடக்கமாக, அசையாமல் நின்றன. மனுசனைப் பாராட்டினேன். அதையும் இங்கே பதிவு செய்யவேண்டும்.

பாசியும் ஊசியும்

ஜன்னலை அலங்கரித்த நாள் எனக்குப் பெருநாள். ஹிலரி மரத்தட்டுகளில் ஈரத்தில் வளரும் உண்மையான பச்சைப் பாசியைப் பரப்பினார். அதன்மேல் நான் பழங்களை அடுக்கினேன். வெளியே போய்ப் பார்ப்பேன், உள்ளே வந்து ஒரு பிளம்ஸைக் கொஞ்சம் தள்ளி அரக்குவேன், திரும்ப வெளியே ஓடுவேன். ஹிலரி சிரித்துக்கொண்டே இருந்தார்.

ஒரு இலை கழன்றிருந்தது. தைப்பதற்கு ஹிலரி கையை நீட்டி ஊசியைக் கேட்டார். கைக்குக் கை ஊசி கொடுத்தால் பகை வரும் என்பது எங்கள் நம்பிக்கை. நான் ஊசியை மேசையில் வைத்தேன். அவருடைய கை அப்படியே அந்தரத்தில் நின்றது, முகம் சிவந்துபோனது. அவசர அவசரமாகக் காரணத்தைச் சொன்னேன். அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து எனக்குத் தருகிற ரீக் கோப்பையைக்கூட மேசையில் வைத்துவிட்டு, எடுக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டுவார்.

புறப்படும்போது, “பாசி காயாமல் ஒவ்வொரு நாளும் தண்ணீர் தெளிப்பேன், கவலைப்படாதே,” என்றார். நான் நன்றி சொன்னேன். நன்றி சொன்ன நான் பயற்றை நினைக்கவில்லை.

அந்த வாரம்தான் நவராத்திரியும் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் கும்பம் வைக்கும்போது அடியில் மண் பரப்பி நவதானியம் தூவுவோம். விழா முடிவதற்குள் அது முளைத்துப் பச்சையாக நின்றால் வீட்டுக்கு நல்லது. நானும் தூவி, தண்ணீர் தெளித்து, கும்பிட்டேன். மண் மண்ணாகவே கிடந்தது.

“அதுக்கும் குளிருதாக்கும். ஹீற்றரைப் போடு,” என்றார் மனுசன்.

வீட்டில் சாமிக்கு முன்னால் முளைக்காத பயறுதான் பூக்கடை ஜன்னலில் முளைத்திருக்கிறது. பஸ்ஸில் இருந்தபடியே இது எனக்கு விளங்கிவிட்டது.

கால் ஊன்றிய பேரிக்காய்

தரிப்பிடத்தில் இறங்கி வீதியைக் கடந்தேன். கண்ணாடிக்கு வெளியே நாலைந்து பேர் நின்றார்கள். அவர்களுக்கு இடையால் தலையை விட்டுப் பார்த்தேன்.

என் கடுகு மஞ்சள் பேரிக்காய் பாசியில் வேரூன்றி நின்றது. தையலுக்கும் தையலுக்கும் இடையால் வெள்ளை வேர்கள் இறங்கியிருந்தன. அடியைச் சுற்றிப் பச்சைத் தண்டுகள் வளைந்து எழும்பியிருந்தன, ஒவ்வொன்றின் தலையிலும் இரண்டு இலை. பச்சை நூலால் தைத்த சிவப்பு அப்பிள் ஓரம் வெடித்து வாயைப் பிளந்திருந்தது. ஒரு பிளம்ஸை முளைகள் தூக்கிச் சரித்தே விட்டன.

நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். பயமும் கூடவே இருந்ததால் கண்ணில் தண்ணீரும் வந்தது.

உள்ளே ஹிலரி கையுறை போட்டுக்கொண்டு, வெறும் பெட்டி ஒன்றோடு நின்றார்.

“இது என்ன, யோகி? என்ன செடி?”

“பயறு.”

“பயறு ஏன்?”

“பழம் உருளாமல் நிற்பதற்கு.”

ஹிலரி பெட்டியை மேசையில் வைத்தார். “அப்படியென்றால் நீ துணிப் பழத்துக்குள் விதை போட்டாய்.”

“ஓம்,” என்று தமிழிலேயே சொன்னேன்.

“நான் அதற்கு ஒவ்வொரு நாளும் தண்ணீர் விட்டேன்.”

“ஓம்.”

அவருடைய உதடு ஒரு பக்கம் துடித்தது. ஆனால் வியாபாரம் செய்கிறவர் அல்லவா, சீக்கிரம் சமாளித்துக்கொண்டார். “இதைப் பார். நாறத் தொடங்கியிருக்கிறது. சனிக்கிழமைக் கூட்டம் வரப்போகிறது. ஜன்னல் நாறினால் என்னிடம் யார் பூ வாங்குவார்கள்? மெழுகுதிரி செய்கிற ஒருவர் ஜன்னலைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் அவரைக் கூப்பிடப் போகிறேன். உன்னில் பிழை சொல்லவில்லை.”

அவருக்குப் பின்னால், சுவரில் சாத்தியிருந்த பலகையைக் கண்டேன். பழைய பெயரை அழித்துப் புதிதாகக் கரும்பச்சை பூசி, காயவிட்டிருந்தார். என் பெயருக்காகப் பூசியது. அதில் மெழுகுதிரிக்காரரின் பெயர் ஏறப்போகிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என் காரியம். பெட்டியைத் தாருங்கள் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

அப்போது கதவு மணி அடித்தது. தள்ளுவண்டிப் பையை இழுத்துக்கொண்டு ஒரு தமிழ் அம்மா உள்ளே வந்தார். எனக்கு முன்பின் தெரியாதவர். என்னைப் பார்த்ததும் தமிழ்தான் என்று முடிவு செய்துவிட்டார்.

“பிள்ளை, உது நீங்களோ செய்தது?”

“ஓம் அக்கா.”

“நவராத்திரிக்கெண்டு முளைக்கப் போட்டதோ?”

“இல்லையக்கா. பாரத்துக்குப் போட்டது. தன்ர பாட்டில முளைச்சிட்டுது.”

“பாரத்துக்கெண்டால் வறுத்தெல்லோ போட்டிருக்கவேணும்,” என்றார். வறுத்த பயறு முளைக்காது என்பது எனக்கும் தெரிந்த விஷயந்தான். பிறகு ஜன்னல் பக்கம் குனிந்து முளைகளைத் தடவிப் பார்த்தார். “என்ர கும்பத்தில இன்னும் ஒண்டும் தலை காட்டேல்ல. இஞ்ச துணிக்குள்ளால வந்து நிக்குது. எனக்கு அந்தப் பெரிய பேரிக்காயைத் தாங்கோ. வீட்டை கொண்டுபோய்ச் சாமித் தட்டில வைக்கப்போறன்.”

“என்ன சொல்கிறார்?” என்று ஹிலரி கேட்டார்.

“முளை வந்தால் எங்களுக்கு நல்ல சகுனம். அந்தப் பேரிக்காய் வேண்டுமாம்.”

“அழுகியதையா?”

“அழுகவில்லை. பஞ்சுதான் ஊறியிருக்கிறது. பயறு நன்றாக இருக்கிறது.”

இதைச் சொல்லும்போதே எனக்குள் ஏதோ விறுவிறுவென்று ஏறியது. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? “ஹிலரி, பின்னேரம்வரை பொறுங்கள். அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால் எல்லாவற்றையும் நானே பெட்டிக்குள் போடுகிறேன்,” என்றேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

அந்த அம்மாவுக்கு அவர் கேட்ட பேரிக்காயைப் பாசியோடு கடதாசியில் சுற்றிக் கொடுத்து அனுப்பினேன். பிறகு கோட்டைக் கழற்றிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தேன். ஈரமான பழங்களின் அடியை வெட்டி, பஞ்சையும் பயற்றையும் வழித்தெடுத்து, தோல்களை ஹீற்றரில் காயவைத்தேன். பாரத்துக்கு என்ன செய்வது என்று நான் யோசிப்பதற்குள், பூச்சாடிகளில் போடுகிற கண்ணாடிக் கற்களை ஹிலரி ஒரு கிண்ணம் நிறையக் கொண்டுவந்து வைத்தார். வழவழப்பானவை, துணியில் முட்டாது. இரண்டு பேருமாக அடைத்துத் தைத்தோம்.

நன்றாக முளைத்தவற்றை மட்டும் நான் மூடவில்லை. காம்புப் பக்கத்தை வட்டமாக வெட்டித் திறந்து, உள்ளே ஒரு பிளாஸ்டிக் கிண்ணி வைத்து, பாசி நிரப்பி, முளைகளை நிமிர்த்தி நட்டேன். பேரிக்காய்களுக்குப் பச்சைத் தலைமயிர் முளைத்தது. ஒன்றுக்கு நடு உச்சி பிரித்துவிட்டேன். ஹிலரி அதைப் பார்த்துவிட்டு மேசையில் முகத்தைக் கவிழ்த்துச் சிரித்தார்.

எல்லாவற்றையும் திரும்ப அடுக்கி முடிந்ததும் அவர் வெளியே போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்றார். நான் உள்ளே நின்றேன். நாயோடு போன ஒருவர் நின்று, அவரிடம் ஏதோ கேட்டார். ஹிலரி கையை ஆட்டி ஆட்டி விளக்கம் சொன்னார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீளமான பெயர்

உள்ளே வந்தவர் தொலைபேசியைத் தொடவில்லை. பலகையை எடுத்து மேசையில் கிடத்தினார். தூரிகையை வெள்ளையில் தோய்த்தார்.

“யோகி. Y, O, G, I, நாலே எழுத்து. பெரிதாக, அழகாக வரும். சரிதானே?”

எத்தனை வருடமாக இந்தக் கேள்விக்கு நான் யெஸ் சொல்லி வருகிறேன். வேலையிடத்தில், பாங்கில், பக்கத்து வீட்டில். இப்போதும் யெஸ் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

“இல்லை,” என்றேன். “யோகேஸ்வரி. அதுதான் என் பெயர்.”

“பலகையில் இடம் காணாதே.”

“சின்ன எழுத்தாக எழுதுங்கள்.”

ஹிலரி என்னை நிமிர்ந்து பார்த்தார். தடித்த தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, மெல்லிய ஒன்றைத் தேடி எடுத்தார். “ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லு. அவசரப்படாதே.”

சொன்னேன். பல்லிடுக்கில் நாக்கை வைத்துக்கொண்டு எழுதினார். நடுவில் ஒருமுறை, “இன்னும் இருக்கிறதா?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அது ஓரத்தில் கொஞ்சம் மேலே ஏறிப்போனது. வர்ணம் காய்ந்ததும் ஏணி வைத்து அவரே கதவுக்கு மேலே தொங்கவிட்டார்.

வீதியைக் கடந்து தரிப்பிடத்துக்கு வந்தேன். பஸ் வந்து கதவைத் திறந்தது. நான் ஏறவில்லை. அடுத்ததும் வந்தது, போனது. தொலைபேசி அடித்தது. மனுசன்.

“எங்கயப்பா நிக்கிறாய்? சோறு ஆறிப்போச்சு.”

“என்ர பேருக்கு முன்னால நிக்கிறன்,” என்றேன். “வெளிக்கிட்டு வாங்கோ. ரெண்டு பேருமா நிண்டு வாசிப்பம்.”